பிரிந்து வந்த முதல் ஆண்டு: ஒரு தாய்க்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

கணவரைப் பிரிந்து குழந்தைகளோடு வரும் பெண்ணுக்கு அரசிடம் உதவி இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்பதுதான் பதில். ஆனால் அந்த உதவிகளில் பெரும்பாலானவை விதவைக்கும், விவாகரத்து ஆனவருக்கும், பல ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டவருக்கும் என்று எழுதப்பட்டவை. போன மாதம் பிரிந்து வந்தவருக்கு எந்தக் கட்டத்திலும் டிக் அடிக்க முடியாது. அந்த வெற்றிடத்தில் ஒரு தாயும் நாங்களும் எந்த வரிசையில் என்னென்ன செய்தோம் என்பதே இந்த ஆய்வு. நான் மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான களப்பணியில் இருப்பவள். அந்தப் பெண்ணின் ஊரையும் அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

கொங்குப் பக்கத்துத் தொழில் நகரம் ஒன்று. பெண்ணுக்கு 27 வயது, பத்தாம் வகுப்பு வரை படித்தவர். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்றரை. கணவர் சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்து ஓட்டுபவர். குடியும் அடியும் ஏற்கெனவே இருந்தன. அவருக்கு இன்னொரு இடத்தில் தொடர்பு ஏற்பட்ட பிறகு வீட்டுச் செலவுக்குப் பணம் வருவதும் நின்றது. 2024 மே மாதம், பள்ளி விடுமுறையில், இரண்டு குழந்தைகளையும் இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்.

அம்மா வீடு என்பது ஒரு லைன் வீடு. விதவை ஓய்வூதியம் 1,200 ரூபாய் வாங்கும் அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை. தம்பி பட்டறையில் வேலை செய்கிறார். இந்தப் பெண் வந்த வாரமே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்விட்டார். நாளுக்கு 300 ரூபாய், சனிக்கிழமை சம்பளம்.

என்னிடம் வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான். “கேஸெல்லாம் வேண்டாங்க அக்கா. புள்ளைக சோத்துக்கு ஒரு வழி பண்ணிக் குடுங்க, போதும்.”

யாரோ அவரிடம் ‘கைவிடப்பட்ட பெண்கள் பென்ஷன்’ இருக்கிறது, உடனே எழுதிப் போடு என்று சொல்லியிருந்தார்கள். எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். 1986 முதல் தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் நடப்பது உண்மை. ஆனால் வயது 30 நிறைந்திருக்க வேண்டும்; சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் பிரிந்து வாழ அனுமதித்த உத்தரவு வேண்டும், அல்லது கைவிடப்பட்டு ஐந்தாண்டாவது ஆகியிருக்க வேண்டும். இவர் வயதிலும் தேறவில்லை, காலத்திலும் தேறவில்லை. அந்த விண்ணப்பத்தை எழுதியிருந்தால் நிராகரிப்புக் கடிதமும் அலைச்சலும்தான் மிஞ்சியிருக்கும். இரண்டு குழந்தைகளோடு வரும் பெண்ணுக்கு உதவி மிக அவசரமாகத் தேவைப்படுவது முதல் ஆறு மாதங்களில். ஐந்தாண்டு கழித்து அவர் எப்படியும் ஒரு வழி கண்டுபிடித்திருப்பார், அல்லது அடிவாங்கத் திரும்பிப் போயிருப்பார். இந்த விதியை எழுதியவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும்.

எல்லா ஓ.டி.பி.யும் கணவர் போனுக்கு

உதவித்தொகைக்கு முன்னால் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று இருந்தது. அவருடைய ஆதாரில் பதிவான கைபேசி எண் கணவர் வாங்கிக் கொடுத்த சிம்முடையது; இப்போது அது கணவர் கையில். ரேஷன் அட்டையில் பதிவான எண்ணும் கணவருடையதே. வங்கிப் பாஸ்புக் மாமியார் வீட்டு பீரோவில். அவர் எந்த இணையதளத்தில் எதை விண்ணப்பித்தாலும் ஓ.டி.பி. போய்ச் சேருவது, எந்த மனிதரிடமிருந்து பிரிந்து வந்தாரோ அவரிடம்.

அதனால் முதல் வேலை புதிய சிம். அடுத்தது ஆதார் மையத்தில் கைரேகை வைத்து எண்ணை மாற்றியது. அதற்கு வேறு ஆவணம் எதுவும் தேவையில்லை. முகவரிச் சான்று அவர் பெயரில் எதுவும் இல்லை. குடும்பத் தலைவர் ஒருவரின் ஒப்புதலோடு அவருடைய முகவரியையே நம் ஆதாரில் சேர்க்கும் வசதி 2023 தொடக்கத்தில் வந்தது. அம்மாவின் ஒப்புதலோடு அப்படி மாற்றினோம். பிறகு பக்கத்துக் கிளையில் புதிய வங்கிக் கணக்கு தொடங்கி, அதோடு ஆதாரை இணைத்தோம். அரசு ஆதார் வழியாக அனுப்பும் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போய் விழும். இதைச் செய்யாமல் விட்டால் நாளைக்குத் தொகை ஒப்புதல் ஆனாலும் பழைய கணக்குக்குப் போகும், அந்த ஏ.டி.எம். அட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் எடுப்பார். இப்படிப் போன பணத்தை மீட்க முடியாமல் அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

தேதி போட்ட ஒரு தாள்

அவர் போலீஸுக்குப் போக விரும்பவில்லை. அந்த விருப்பத்தை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் எந்தத் தேதியில் பிரிந்தார் என்பதற்கு அரசிடம் ஒரு பதிவு இல்லாவிட்டால், ஐந்தாண்டு கழித்தும் அந்த ஐந்தாண்டை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனவே இரண்டு காரியம் செய்தோம். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு: எந்தத் தேதியில் வந்தேன், யாரோடு இருக்கிறேன், குழந்தைகள் பெயர், கேட்பது என்ன என்று ஒரே பக்கத்தில். மனு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. அடுத்து, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இன் கீழ் பாதுகாப்பு அலுவலரிடம் குடும்ப நிகழ்வு அறிக்கை, அதாவது வீட்டில் நடந்த வன்முறையை எழுத்தில் பதியும் படிவம். காவல் நிலையத்துக்குப் போகாமலே இதைப் பதியலாம். பதிந்த உடனே கணவரைக் கைது செய்துவிட மாட்டார்கள். அந்த பயம் போனபிறகுதான் அவர் வாய் திறந்து எல்லாவற்றையும் சொன்னார்.

ரேஷன் அட்டை ஏன் முதலில்

இந்த ஆய்வில் நான் சொல்ல வருவதே இதுதான். தமிழ்நாட்டில் அரசு ஒரு குடும்பத்தை அடையாளம் காண்பது குடும்ப அட்டையை வைத்து. மகளிர் உரிமைத் தொகை ஓர் அட்டைக்கு ஒருவருக்கு. முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு அட்டையைப் பார்க்கும். வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலர் கையில் எடுப்பதும் அட்டையைத்தான். இந்தப் பெண்ணின் பெயரும் குழந்தைகள் பெயரும் மாமனாரைத் தலைவராகக் கொண்ட அட்டையில் இருந்தன. அந்த அட்டைக்கான உரிமைத் தொகை 1,000 ரூபாய் 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோதிலிருந்தே மாமியாருக்குப் போய்க்கொண்டிருந்தது. குடும்பத் தலைவரின் மனைவிக்கே முதல் உரிமை என்பது விதி, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அட்டையில் பெயர் இருக்கும்வரை இவருக்கு எதுவும் இல்லை.

அம்மாவின் அட்டையில் சேர்த்துவிடலாமே என்று தம்பி சொன்னார். நல்ல மனதோடு சொன்னதுதான். அப்படிச் செய்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் தம்பியின் சம்பளமும் இவருடைய குடும்ப வருமானமாகிவிடும், பிற்பாடு எந்தத் திட்டத்திலும் வருமான வரம்பைத் தாண்டிவிடும். தம்பி மனைவி உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்க முடியாமலும் போகலாம். வீட்டுக்குள் அதுவே ஒரு சண்டையாகும். தனி அட்டைதான் சரி என்றேன். தனி அட்டைக்குத் தனிச் சமையல் வேண்டும். அதே லைனில் காலியாக இருந்த ஓர் அறையை 2,000 ரூபாய் வாடகைக்கு எடுத்தார். கேஸ் இணைப்பு கிடைக்கும்வரை, முகவரிச் சான்று இல்லாமலே வாங்கக்கூடிய ஐந்து கிலோ சின்ன சிலிண்டர்.

பெயர் நீக்கத்துக்கு மாமனார் வீடு ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் குறைந்தால் அரிசி குறையும். “மருமக பேரை வேணா எடுத்துக்கங்க, பேரப் புள்ளைக பேரை எடுக்க விடமாட்டோம்” என்றார் மாமனார். வட்ட வழங்கல் அலுவலகத்தில் முதலில் கேட்டது விவாகரத்து உத்தரவை. இது இன்றும் பல இடங்களில் கேட்கப்படுகிறது. விவாகரத்து ஆகாமல் பிரிந்து வாழும் பெண்ணுக்கு, குடும்பத் தலைவரின் சம்மதம் இல்லாவிட்டாலும் கள விசாரணை செய்து, பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்கிப் புதிய அட்டை கொடுக்கலாம் என்று உணவுத் துறை ஏற்கெனவே அறிவுறுத்தியிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, ஆட்சியர் அலுவலக மனு எண்ணையும் சேர்த்து எழுதிக் கொடுத்தோம். குழந்தைகள் தாயோடு இருப்பதற்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வாங்கிய சான்றுகள்.

விசாரணைக்கு வந்த வருவாய் ஆய்வாளர் அறைக்குள் நின்று அடுப்பைப் பார்த்தார், அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தார், கொடியில் காய்ந்த பள்ளிச் சீருடையைப் பார்த்தார். பக்கத்து அறைக்காரரிடம் இரண்டு கேள்வி. வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டு போனார். மரியாதையாகவே நடந்துகொண்டார். இருந்தாலும், ஒருவர் தன் பசியை நிரூபிக்க அரிசி டப்பாவைத் திறந்து காட்ட வேண்டியிருப்பதைப் பார்த்து நிற்பது எளிதல்ல.

அந்தக் காலத்தில் மாநிலம் முழுக்கப் புதிய அட்டை விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன. அட்டை கைக்கு வர டிசம்பர் ஆயிற்று.

பள்ளி

மகள் அதுவரை கட்டணம் கட்டும் நர்சரி பள்ளியில் படித்தாள். கட்டண பாக்கி இருந்ததால் மாற்றுச் சான்றிதழ் கொடுக்க அந்தப் பள்ளி தயங்கியது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. அரசு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை அதைத் தெரிந்து வைத்திருந்தார். 2024 ஜூன் 10 பள்ளி திறந்த வாரமே குழந்தையை உட்கார வைத்துவிட்டு, பழைய பள்ளி எமிஸில் (மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) குழந்தையின் பெயரை, வேறு பள்ளி எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுப் பட்டியலான காமன் பூலுக்கு விடுவிக்கும்வரை தானே தொடர்ந்து பேசினார். இப்படி ஓர் ஆசிரியை கிடைப்பது எந்த உத்தரவையும்விடப் பெரிய விஷயம்.

அரசுப் பள்ளிக்கு மாறியதில் தாய்க்கு வருத்தம் இருந்தது, ஊர் என்ன சொல்லுமோ என்று. ஆனால் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு, எல்லோருக்கும் மதிய உணவு, சீருடை, புத்தகம். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் இருக்க வேண்டிய ஒரு தாய்க்கு, மகள் பள்ளியில் சூடாகச் சாப்பிடுகிறாள் என்பதன் மதிப்பைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு என்பதையும் சொன்னேன். மகன் அங்கன்வாடிக்குப் போனான். மாலையில் பாட்டி கூட்டி வந்துவிடுவார்.

குழந்தைக்கான நிதி ஆதரவு

பலருக்குத் தெரியாத திட்டம் இது. இந்த நிலையில் இருக்கும் தாய்க்கு மிகவும் பொருந்துவதும் இதுதான். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யாவில், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக, ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். தாய் விதவையாகவோ, விவாகரத்து ஆனவராகவோ, குடும்பத்தால் கைவிடப்பட்டவராகவோ இருக்கலாம். ஐந்தாண்டு என்ற நிபந்தனை இல்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் நகரத்தில் 96,000, கிராமத்தில் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

இவருடைய சம்பளம் வாரம் 1,800. ஆண்டு முழுதும் ஒரு வாரம்கூட விடாமல் போனால் 93,600. வரம்புக்குள் வந்துவிட்டார், அதுவும் தனி அட்டை இருந்ததால். தம்பியோடு ஒரே அட்டையில் இருந்திருந்தால் இந்தக் கதவு மூடியிருக்கும்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கைவிடப்பட்டதாக எழுத அவர் மறுத்தார். “அவரு என்னைய விடல அக்கா, நாந்தான் வெளிய வந்தேன். பொய் எழுதிக் குடுக்க மாட்டேன்.” விசாரித்த அலுவலரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்: நீங்களாக வந்தீர்கள், அப்புறம் எப்படிக் கைவிடப்பட்டவர் ஆவீர்கள்? அடி தாங்காமல் வெளியே வந்தவரை, தானாக வந்தவர் என்று எண்ணுவது அநியாயம். நாங்கள் அவரைப் பொய் எழுத வைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினோம்: வன்முறை காரணமாக வெளியேறினேன், அந்த நாளிலிருந்து தந்தை குழந்தைகளைப் பார்க்க வரவில்லை, ஒரு ரூபாயும் தரவில்லை. குடும்ப நிகழ்வு அறிக்கையின் நகலும், அதற்குள் போட்டிருந்த ஜீவனாம்ச மனுவின் நகலும் இணைப்பு. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதினார். ஒப்புதல் குழு மகளுக்கு மட்டும் அனுமதித்தது. நிதி இருக்கும்போது மகனுடையதைப் பார்ப்போம் என்றார்கள். தொகை மாதா மாதம் வரவில்லை, சில மாதங்களுக்குச் சேர்த்து வந்தது. மாதச் செலவை அதை நம்பித் திட்டமிட முடியாது என்பதை இதே நிலையில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வருமான வரம்பு பற்றி இன்னொன்று. 2025 நடுவில் கம்பெனியில் அவரை டெய்லராக ஏறச் சொன்னார்கள். சம்பளம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஏறினால் 4,000 போய்விடுமே என்று தயங்கினார். நான் ஏறச் சொன்னேன். உதவித்தொகை மறு ஆய்வில் எப்போது வேண்டுமானாலும் நிற்கும். கையில் ஏறிய தொழில் நிற்காது. வருமானம் கூடியதை மறைக்காமல் எழுதிக் கொடுக்கும்படியும் சொன்னேன். ஆனால் மாதம் 8,000 ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கும் தாய்க்கு உதவி தேவையில்லை என்று கணக்கிடும் வரம்பு, வாடகை வீட்டில் இரண்டு குழந்தைகளோடு வாழும் யாருக்கும் பொருந்தாது. இதை மாற்றத்தான் வேண்டும்.

ஜீவனாம்சம்

“கேஸ் வேண்டாம்” என்றவர் ஆகஸ்டில் மனம் மாறினார். காரணம், மகனுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரச் சம்பளம் போனது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். ஜீவனாம்சம் கேட்க வழிசெய்யும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகிவிட்டது. அதன்கீழ், தான் வசிக்கும் ஊரிலேயே மனு போட்டார். கணவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. ஆகவே மனுவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நட்டம். கணவர் தன் வருமானம் மிகக் குறைவு என்றார். வண்டி அவர் பெயரில் இருந்தது, அதற்குக் கட்டும் மாதத் தவணையே வேறு கதை சொன்னது. இடைக்கால உத்தரவாக மூவருக்கும் சேர்த்து மாதம் 6,000 ரூபாய் கிடைத்தது. இரண்டு மாதம் கட்டினார், பிறகு நிறுத்திவிட்டார்.

நிறுத்தினால், உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போடலாம். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்த மனுவைப் போட்டாக வேண்டும். “பாவம், போகட்டும்” என்று பொறுத்திருந்து இந்த ஓராண்டைத் தவறவிடும் பெண்கள் அதிகம்.

இப்போதைய நிலை

2025 ஜூலையில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாமில் புதிய அட்டையோடு மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்தார்; டிசம்பரில் முதல் 1,000 ரூபாய் புதிய வங்கிக் கணக்குக்கு வந்தது. மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வாங்கியாயிற்று; அதற்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000, அவர் டெய்லராக ஏறுவதற்கு முன்பே பதிந்தது. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது. இரு பெற்றோரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவராலும் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் உள்ள குழந்தைகளுக்குமானது அது. தந்தை உயிரோடு இருந்து திரும்பிப் பார்க்காத குழந்தை அதில் வராது.

மகளின் நிதி ஆதரவு, கூடிய வருமானத்தைச் சொன்ன பிறகு மறு ஆய்வில் இருக்கிறது. ஜீவனாம்ச பாக்கிக்கு நிறைவேற்று மனு போட்டாயிற்று, கணவருக்கு அழைப்பாணை போயிருக்கிறது. கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்துக்கு 2027-இல் வயது நிறையும். ஐந்தாண்டு 2029 மே மாதம்தான் நிறையும், அதற்குள் விவாகரத்து உத்தரவு வந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. விவாகரத்து வேண்டுமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை, நாங்களும் அவசரப்படுத்தவில்லை. இந்த ஜூனில் மகன் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் சிக்கல் இந்த முறை இல்லை. அக்கா படிக்கும் பள்ளியிலேயே இடம் சொல்லி வைத்திருக்கிறது.